வழுக்கையாற்று வாய்க்காலில் தென்னந்தும்பு வலை: பாவித்தவர் பார்வையில் ஒரு மதிப்பீடு

மண் சரிகின்ற குளக்கரைக்கும் அரித்துப்போகின்ற வாய்க்கால் ஓரத்துக்கும் கொங்கிறீட் சுவரை விட்டால் வேறு வழியில்லை என்ற எண்ணம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தோடு நிதி திரட்டத் தொடங்கியிருக்கும் சனசமூக நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒரு முறை யோசிக்க வேண்டும் என்பதற்காகவே, எங்கள் ஊர்க் குளத்தின் கரையிலும் அக்குளத்திலிருந்து வழுக்கையாற்றுக்கு இறங்கும் வெள்ளவாய்க்காலிலும் நாங்கள் பாவித்த இரண்டு பொருட்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று, தென்னந்தும்புக் கயிற்றால் நெய்த வலை. மற்றது, தும்பை இறுக்கி அடைத்துக் கட்டிய உருளை. இரண்டும் நல்ல பொருட்கள். ஆனால் வாங்கி விரித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல. கன்று நடவும், நட்டதை இரண்டு மாரிக்காவது பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருக்கிற ஊருக்கே இவை பலன் தரும்.

இப்பொருட்கள் எந்தத் தண்ணீரைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வழுக்கையாறு குடாநாட்டின் ஒரே ஆறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் சேருகிற மழைவெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாகக் குளங்களையும் தரவைகள் எனப்படும் தாழ்ந்த புல்வெளிகளையும் வயல்களையும் நிரப்பிக்கொண்டு அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேல் பெய்ததை இங்கே வயது வந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஆற்றின் இரு பக்கமும் வயலும் தரவையுமாக இருந்தன. இன்று சுன்னாகத்திலிருந்து மானிப்பாய் வரை வீடுகளும் மதில்களும் நெருங்கி வந்துவிட்டன. மதில்கள் பெருகப் பெருக, பரந்து மெல்லப் போக வேண்டிய வெள்ளம் ஒடுங்கிய வாய்க்காலுக்குள் வேகமெடுக்கிறது. ஆகவே இங்கே கரைக்குப் போடுகின்ற எந்தப் பொருளும் எட்டு ஒன்பது மாதங்கள் வெயிலில் காய்ந்து கிடந்துவிட்டு, பிறகு சில வாரங்களுக்குள் முழு வேக வெள்ளத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட விற்பனைக் கையேடுகளை இங்கே அப்படியே நம்ப முடியாது.

எங்கள் குளத்துக்கு வந்த கேடு, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட தூர்வாரலால் வந்தது. பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தை இறக்கி ஆழப்படுத்தியபோது கரையைச் சுவர் போல நேர் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். அதுவரை கரையோரத்தில் சாய்வாக இறங்கிய மண்ணில் கோரையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்திருந்தன. அவை யாவும் ஒரே வெட்டில் போயின. முதல் மழையிலேயே செங்குத்துக் கரை பாளம் பாளமாகப் பிளந்து குளத்துக்குள் விழுந்தது, செலவு செய்து எடுத்த மண் திரும்பவும் உள்ளேயே போய்ச் சேர்ந்தது. அடுத்த பேச்சு வழக்கம் போலக் கொங்கிறீட் சுவரைப் பற்றியதாகத்தான் இருந்தது. ஆரியகுளம் போல நகரத்தின் நடுவே சனம் நடமாடுகிற இடத்துக்கு உறுதியான கட்டுக்கரை தேவைப்படலாம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊர்க் குளத்துக்கு அது பொருந்தாது. ஒரு குளத்தின் உயிர் பெரும்பாலும் இருப்பது அதன் நடு ஆழத்தில் அல்ல. தண்ணீர் முழங்காலளவு நின்று, ஏறி இறங்குகின்ற அந்த ஓரப் பட்டையில்தான் தவளை முட்டையிடுகிறது, விரால் குஞ்சு ஒதுங்குகிறது, தாழைக்கோழி கூடு கட்டுகிறது. சுவர் கட்டினால் அந்தப் பட்டை இல்லாமலே போய்விடும். சுவரோடு நிறுத்தாமல் அடியையும் பூசிவிடுகின்ற இடங்களில் கேடு இன்னும் பெரியது. ஏனெனில் குடாநாட்டின் கிணற்று நீர் என்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கின்ற உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீரே ஆகும். குளத்தின் அடி அடைபட்டால் கிணறுகளுக்கான வழியும் அடைபடுகிறது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். தும்பு வலை சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. வழக்கில் உள்ளவை 400, 700, 900 கிராம் ஆகிய மூன்று வகைகள். 400 கிராம் வலையின் கண் அகலமானது, அதன் பரப்பில் பாதிக்கு மேல் வெறும் இடைவெளிதான். 900 கிராம் வலை பாயைப் போல நெருக்கமானது. மண்ணைப் பிடிப்பதில் பாரமான வலை கெட்டி என்பது உண்மையே. ஆனால் கண் சிறுத்தால் கன்று நடுவதும் விதை முளைத்து மேலே வருவதும் கடினமாகிவிடுகிறது. தென்னந்தும்பில் நாற்பது வீதத்துக்கு மேல் லிக்னின் என்ற பொருள் இருப்பதால், அது ஈரத்தில் எளிதில் உக்குவதில்லை. சணல் சாக்கு ஓராண்டுக்குள் உக்கிவிடும்; தும்பு வலை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை நிற்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கின்ற எங்கள் கரையில், தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் வலை விரைவாகவே நலிவதைக் கண்டேன். இங்கே மூன்று மாரிக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பது என் கணிப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு காரியங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, நிறை. எங்களுக்கு 700 கிராம் என்று சொல்லி வந்த றோல் ஒன்று கையில் பிடிக்கும்போதே தொய்வாக இருந்தது. ஒரு சதுர மீற்றரை அளந்து வெட்டி, நன்றாக வெயிலில் காய வைத்து, பலசரக்குக் கடைத் தராசில் வைத்தபோது அது 500 கிராமைத் தாண்டவில்லை. விற்றவர் மறு பேச்சின்றி மாற்றித் தந்தார் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் இறக்கும் இடத்திலேயே வெட்டி நிறுத்துப் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். ஈரத்தோடு வந்த தும்பு பாரமாகத்தான் இருக்கும், ஆகவே காய வைக்காமல் நிறுப்பதில் பயனில்லை.

இரண்டாவது, பிளாஸ்ரிக். தும்பு என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே முழுத் தும்பு அல்ல. தளர்ந்த தும்பை இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் வலைகளுக்கு நடுவே வைத்துத் தைத்த விரிப்பும் சந்தையில் இருக்கிறது. விலையும் குறைவு, விரிப்பதும் இலகு. அதை நீர்நிலை ஓரத்தில் தயவுசெய்து போடாதீர்கள். தும்பு உக்கிய பின்னரும் அந்தப் பிளாஸ்ரிக் வலை மண்ணுக்கு மேலே கிளம்பி நின்று பாம்பு, ஓணான், தவளை ஆகியவற்றின் உடம்பில் இறுகிக்கொள்ளும். வேறோர் இடத்தில் போட்டிருந்த அத்தகைய விரிப்பில் ஒரு சாரைப்பாம்பு நடு உடம்பு வெட்டுண்டு செத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். அதன் செதில்களுக்கு அடியில் நூல் புதைந்திருந்தது. உயிர்களுக்கு இடம் மீட்பதற்காகச் செய்யும் வேலையில் இதற்கு எந்த நியாயமும் இல்லை. கயிறும் தும்பு, தையலும் தும்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மாத்திரம் வாங்குங்கள்.

விரிக்கும் முறையில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. செங்குத்துக் கரையில் எந்த வலையும் நிற்காது. முதலில் கரையை, ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடியாவது வெளியே போகும்படி சாய்வாக வெட்ட வேண்டும். இடம் இருந்தால் மூன்று அடி இன்னும் நல்லது. இந்தச் சாய்வுக்காகக் காணி ஓரத்தில் சிறிது நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எங்கள் ஊரில் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்ததும் அதைப் பற்றித்தான். கரையின் மேல் விளிம்பில் ஓரடி ஆழத்துக்குக் கான் வெட்டி, வலையின் தலைப்பை அதற்குள் மடித்து, மண்ணிட்டு இறுக்கி மிதிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலிருந்து வரும் மழைநீர் வலைக்கும் மண்ணுக்கும் இடையே புகுந்து ஓடி, மேலே வலை அழகாக இருக்க, அடியில் மண் போய்க்கொண்டிருக்கும். இரண்டு விரிப்புகள் சேருகின்ற இடத்தில் ஒரு சாணுக்குக் குறையாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். வாய்க்காலில் நீர் வருகின்ற பக்கத்து விரிப்பே மேலே இருக்க வேண்டும். மாறிப் போட்டால் வெள்ளம் அந்த விளிம்பைத் தூக்கிச் சுருட்டிக்கொண்டு போய்விடும். வலை மண்ணோடு ஒட்டியிருப்பதே முக்கியம். பள்ளம் மேடு இருந்தால் நிரவிவிட்டுத்தான் விரிக்க வேண்டும். கூடாரத் துணியைப் போல இழுத்துக் கட்டுவது தவறு.

முளைக்கட்டைக்குக் கம்பியாணி வேண்டாம். கையேடுகள் இரும்பு ஆணியையும் பலகை முளையையும் சொல்கின்றன. நாங்கள் பலகை முளைகளை மேல்வரிசையில் அடித்தோம், பெரும்பாலானவற்றைக் கறையான் தின்றுவிட்டது. தண்ணீருக்குச் சற்று மேலே உள்ள வரிசையில் பூவரசங் கதியால்களை அடித்தோம்; அவை துளிர்த்து, வலையைத் தம் வேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டன. வேலிக்குக் கதியால் போட்டுப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை: பசுந்தடியைச் சாய்வாகச் சீவி, அலவாங்கால் துளையிட்டு இறக்கி, சுற்றி மண்ணை இறுக்கினால் போதும். உவர் கலந்த மண்ணிலும் பூவரசு நிற்பதால், அராலிப் பக்கத்து ஊர்களுக்கு அது மேலும் பொருத்தமானது. கிளுவை, நீர் தேங்குகின்ற இடத்தில் அழுகிவிட்டது; அதை மேட்டுக்கு மட்டும் வையுங்கள்.

தும்பு உருளையைக் கரையின் அடியில், நீர்மட்டம் தொடுகின்ற கோட்டில் வைக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ளதை வாங்கினோம். அதன் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இரு பக்கமும் முளையடித்துக் குறுக்கே கயிற்றால் கட்ட வேண்டும். அலையும் ஓட்டமும் கரையின் காலைத் தின்னாமல் தடுப்பது அதன் முதல் வேலை. பின்னால் வண்டல் படிய இடம் கொடுப்பது இரண்டாவது வேலை. அந்த வண்டலில்தான் கோரையும் சம்பும் தாமாகவே வந்து பிடித்தன. ஓட்டை வைத்து உருளைக்குள்ளேயும் கோரைக் கிழங்கு நடலாம். ஆனால் உருளை விலை கூடிய பொருள். நனைந்தால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம். குளம் முழுவதும் சுற்றி வைக்கத் தேவையில்லை. நீர் மோதுகின்ற வளைவிலும் மதகுக்குக் கீழேயும் வைத்தால் போதுமானது.

வலை விரித்துக்கொண்டிருந்தபோது வரம்பில் நின்று பார்த்த ஒரு பெரியவர், "தம்பி, உது ஒரு மாரிக்குத் தாங்குமோ?" என்று கேட்டார். "வேர் பிடிக்குமட்டும் தாங்கினால் காணும் ஐயா" என்று சொன்னேன். நான் இப்பொருளிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். கரையைக் கடைசி வரை பிடித்து நிற்பது வேர். வேர் இறங்கும் வரைக்கும் மண்ணைப் பொத்தி வைத்திருப்பதே தும்பின் கடமை. அதனால் வலைக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது கன்றுக்குச் செலவிட வேண்டும். நீர்க்கோட்டில் கோரையும் நாணலும், அதற்கு மேலே வெட்டிவேரும் அறுகும், மேட்டில் மருதும் நொச்சியும் நட்டோம். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே ஆழத்துக்கு இறங்குவதால், அரிப்பைத் தடுக்க அது நன்று. ஆனால் கரை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் இடமிருக்காது. வரிசையாக ஒரே புல்லை நடுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், பறவைக்கும் பூச்சிக்கும் பயன் குறைவு.

முதல் பெருமழையில் வலை எப்படி நின்றது? குளக்கரையில் மிக நன்றாக நின்றது. மழைத்துளி மண்ணை நேரே அடிக்காததால், குளத்துக்குள் இறங்கிய நீர் முன்னைய ஆண்டின் செஞ்சேறாக இல்லை. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சிறிய படி போல மண் தேங்கி, அதில் எங்கிருந்தோ வந்த புல் விதைகள் முளைத்திருந்தன. வாய்க்காலின் நேரான பகுதியிலும் குறை சொல்ல இடமில்லை. மதகு வாயில் மாத்திரம் 400 கிராம் வலை கிழிந்து போயிற்று. குழாயிலிருந்து பாய்ந்து விழும் தண்ணீர் குடைகின்ற இடத்துக்கு வலை எதுவும் போதாது. அங்கே சுண்ணாம்புக்கல்லை அடுக்கி வேகத்தைக் கொன்ற பிறகுதான் தும்பின் வேலை தொடங்குகிறது. பின்னர் கல்லடுக்கி, அதற்கப்பால் 700 கிராம் வலையைப் போட்டோம், அது நின்றுவிட்டது.

புதிய தும்பிலிருந்து முதலில் தேநீர் நிறத்தில் சாயம் இறங்கும். தும்பில் இருக்கும் ரனின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குவதால் வரும் நிறம் அது, வெள்ளம் ஓடத் தொடங்கினால் போய்விடும். ஆனால் கோடையில் சுருங்கிப்போன சிறு குட்டைக்குள் அதிக அளவு புதுத் தும்பை ஒரேயடியாக இறக்குவது நல்லதல்ல. தேங்கிய நீரில் மீன்கள் திணறக்கூடும். விரிப்பதற்கு முன்னர் ஒரு முறை ஊறவைத்து அலசினால் உப்பும் சாயமும் குறையும்.

இரண்டாவது மாரிக்குப் பிறகு கரையோரத்தில் குந்தியிருந்து வலையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க முயன்றேன். தூக்க முடியவில்லை. கயிறு விரலில் நசிபடும் அளவுக்கு மெலிந்துவிட்டிருந்தது. ஆனால் அறுகின் வெள்ளை வேர்கள் அதன் புரிகளுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்து, கயிறு எது வேர் எது என்று பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. அடியில் கறுத்த ஈரமண்ணும் மண்புழுவும். நீர்க்கோட்டில் தலைப்பிரட்டைகள் கோரைத் தாள்களுக்கிடையே மொய்த்தன, உருளைக்குப் பின்னால் தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு ஒதுங்கியது. சுவர் கட்டிய குளத்தில் இது எதையும் நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. கட்டாக்காலி மாடுகள் முதற் கோடையில் துளிர் முழுவதையும் மேய்ந்து, வலையையும் குளம்பால் கிழித்தன. ஒரு பக்கத்தை மாடு நீர் குடிக்க இறங்குவதற்கென்று கல் பாவி விட்டுக்கொடுத்து, மற்றப் பக்கங்களுக்கு அலம்பல் வேலி போட்ட பிறகே நிலைமை சீரானது. நெருப்பு அதைவிடப் பெரிய ஆபத்து. சோளகக்காற்று வீசுகின்ற மாதங்களில் காய்ந்த தும்பு தீப்பொறிக்குக் காத்திருக்கும் பொருள். குளக்கரையில் குப்பை கொளுத்துகின்ற பழக்கம் இருக்கிற இடத்தில் அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் இதை விரிக்காதீர்கள். போக்குவரத்துச் செலவும் சாதாரணமானதல்ல. பெரும்பாலான தும்பு ஆலைகள் குருநாகல், புத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் லொறிக் கூலி விலையோடு சேர்ந்துவிடுகிறது. பளையில் இவ்வளவு தென்னை இருக்க, வலை நெய்கின்ற நாலு தறிகளாவது இங்கே இயங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இத்தகைய முறைகள் சிறிய ஊர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் பீஷான், அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக நேராக ஓடிய 2.7 கிலோமீற்றர் கொங்கிறீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்து ஓடும் கல்லாங் ஆறாக 2012 இல் மாற்றியபோது, செடி, கல், மண்ணைச் சுற்றிய விரிப்பு ஆகியவற்றைக் கொண்டே கரையைப் பிடித்தார்கள். எந்த முறை நிற்கும் என்பதைப் பூங்காவிலேயே ஒரு சிறு ஓடையில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். கேரளத்தில் நூறு நாள் வேலைத்திட்ட ஆட்களைக் கொண்டு தோடு எனப்படும் ஓடைகளின் கரைக்கும் குளக்கரைக்கும் தும்பு வலை விரித்திருக்கிறார்கள். கல்லாங் ஆற்றின் இரு மருங்கும் வெள்ளம் பரந்து நிற்பதற்குப் பூங்காவே விடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வழுக்கையாற்றின் தரவைகளை மண் போட்டு நிரப்பிக்கொண்டே கரைக்குத் தும்பு போட்டால், அந்த வெள்ளத்தைத் தும்பு மட்டும் சமாளிக்காது. குசினிக் கழிவுநீரையும் தோட்டத்து உரத்தையும் அது வடிகட்டிவிடும் என்றும் எவரும் நம்பக் கூடாது. ஓரத்துச் செடிகள் நைத்திரேற்றில் ஒரு பங்கை உறிஞ்சும், அதற்கு மேல் இல்லை.

குளக்கட்டிலும் வாய்க்காலிலும் கை வைப்பதற்கு முன்னர் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பெக்கோ வருகின்ற நாளில் சாய்வாக வெட்டச் சொல்லி ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். குளக்கரைக்கு 400 கிராம், வாய்க்காலின் வளைவுக்கும் மதகுக்குக் கீழேயும் 700 கிராம், உருளை நீர் மோதும் இடத்துக்கு மட்டும். 900 கிராம் வலை எங்களுடைய வேலைக்குத் தேவைப்படவில்லை. ஆடி மாதத்திலேயே சொல்லிவைத்தால் ஆவணியில் கைக்கு வரும், புரட்டாசி முடிவதற்குள் விரித்துக் கதியாலும் போட்டுவிடலாம். கன்றுகளை அதற்கும் முன்னரே பையில் வளர்த்து வைத்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு வந்த றோலை அந்த ஆண்டில் விரிக்காமல், நனையாத இடத்தில் நிலத்தில் படாமல் அடுக்கி வைத்து, அடுத்த ஆண்டுக்குப் பாவியுங்கள்.